டெல்லி வெயிலில் கரண்டும் ஏசியும்: அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்க

டெல்லியில் வயரிங், ஏசி வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. மயூர் விஹார், ஆர்.கே. புரம், கரோல் பாக், ஜனக்புரி என்று நம் ஆட்கள் இருக்கிற பக்கமெல்லாம் போய் வருகிறேன். ஏப்ரல் கடைசியில் அடிக்க ஆரம்பிக்கும் போன் ஆகஸ்ட் வரை ஓயாது. போனிலேயே நாலு கேள்வி கேட்டுத் தீர்த்துவிடக்கூடிய புகார்கள் நிறைய வருகின்றன. வேறு சில வீடுகளில், நான் போவதற்குள் யாரோ அவசரத்துக்குச் செய்துவிட்டுப் போன வேலை, முதலில் இருந்த கோளாறைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்சிபி, அதாவது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச், விழுந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். ஏன் விழுந்தது என்று தேடாமல், இனி விழாதபடி பண்ணிவிடுவதுதான் வீட்டை எரிக்கிறது.

எதையும் கழற்றும் முன் மெயினை அணையுங்கள். டெஸ்டரை, கரண்ட் நிச்சயம் இருக்கிற ஒரு பிளக்கில் முதலில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் நம்புங்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது, காலில் ரப்பர் செருப்பு வேண்டும். ஏசியின் வெளி யூனிட்டை மட்டும் நீங்கள் திறக்கவே வேண்டாம். உள்ளே கரண்டைச் சேமித்து வைத்திருக்கும் கெபாசிட்டர், மெயினை அணைத்த பிறகும் அடிக்கும்.

வீட்டில் கரண்டே இல்லை

ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டைப் பாருங்கள். அங்கேயும் இருட்டு என்றால் பகுதி மின்தடை. தெற்கு, மேற்கு டெல்லிக்கு 19123, கிழக்கு, மத்திய டெல்லிக்கு 19122, வடக்குப் பகுதிக்கு 19124. உங்கள் பில்லிலும் நம்பர் அச்சிட்டிருக்கும், பில்லில் இருக்கும் சிஏ எண்ணை, அதாவது உங்கள் கணக்கு எண்ணை, கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால் கீழே மீட்டர் போர்டுக்குப் போய் மீட்டரில் எண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். மீட்டரே அணைந்திருந்தால் கோளாறு கம்பெனி பக்கம். மீட்டரில் எண்கள் தெரிந்து, வீட்டில் கரண்ட் இல்லை என்றால் நம் பக்கம். மீட்டருக்கு அப்புறம் வரும் எல்லாம் நம் பொறுப்பு.

விளக்கு திடீரென்று கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிகிறது, அல்லது மங்கிப்போகிறது

இதற்கு யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். மெயினை உடனே இறக்குங்கள். அடுக்குமாடிக்கு மூன்று ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று வயர், வந்து, வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கரண்ட் திரும்பிப் போகும் பொதுவான வயரான நியூட்ரல் எங்காவது அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 300, 350 என்று ஏறலாம், 400 வரைகூடப் போகலாம். அடுத்த வீட்டில் விளக்கு மங்கியும் உங்கள் வீட்டில் பளீரென்றும் இருந்தால் அநேகமாக இதுதான். டிவி, ஃபிரிட்ஜ், ஏசி போர்டு எல்லாம் சில நிமிடத்தில் போய்விடும்.

அணைத்துவிட்டு மேல் வீடு, கீழ் வீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் மெயினை இறக்க வேண்டும்.

ஒரு பிளக்கில் மட்டும் எதுவும் வேலை செய்யவில்லை, ஆனால் ஏதாவது ஒன்றைச் செருகி சுவிட்சைப் போட்டதும் அந்த வரிசையின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது என்றால், அந்த ஒரு லைனில் நியூட்ரல் விட்டிருக்கிறது. "டெஸ்டர் எரியுது, கரண்ட் இருக்கு, மெஷின்தான் போச்சு" என்று நல்ல மிக்சியைக் கடைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு.

எம்சிபி விழுகிறது

எப்போது விழுகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

போட்ட அந்த நொடியே விழுந்தால் ஷார்ட். அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள், எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எதுவும் இல்லாமலே விழுந்தால் சுவரில் ஓடும் வயரில் கோளாறு. அதற்கு மேல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு சின்ன விஷயம்: விழுந்த எம்சிபியின் குமிழ் சில சமயம் நடுவில் நிற்கும். அதை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு மேலே தூக்கினால்தான் பிடிக்கும். பிடிக்கவில்லை என்று பயந்து கூப்பிடுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து, இருபது நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் சுமை அதிகம், அல்லது எம்சிபியின் முனையில் திருகு தளர்ந்து சூடாகிறது. ஏசியும் கீசரும் ஒரே லைனில் இருக்கிறதா பாருங்கள். 1.5 டன் ஏசி ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 16 ஆம்பியர் எம்சிபி தாங்காது, தாங்கவும் கூடாது.

ஏசியின் கம்ப்ரசர் பிடிக்கிற அந்த 'டக்' சத்தத்தோடு விழுந்தால் வேறு கதை. பழைய மாடல், அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏசி கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல் பல மடங்கு இழுக்கும். அதைத் தாங்க 'சி' வகை எம்சிபி வேண்டும். சி வகை தன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு வரை வந்தால்தான் உடனே விழும், விளக்கு லைனுக்குப் போடும் 'பி' வகை 3 முதல் 5 மடங்கிலேயே விழுந்துவிடும். எம்சிபி முகத்தில் எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும், அதைப் பாருங்கள். வகை சரியாக இருந்தும் விழுந்தால் வோல்டேஜ் குறைவு, கெபாசிட்டர் பலவீனம், அல்லது கம்ப்ரசரே இறுகியிருக்கிறது.

இங்கே ஒரு வீட்டைச் சொல்லியாக வேண்டும். மயூர் விஹாரில் 1980களில் கட்டிய டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) பிளாட். அந்தக் காலத்து வயரிங் விளக்கு, ஃபேன், ஒரு இஸ்திரிப் பெட்டி, அவ்வளவுக்குத்தான். படுக்கையறை ஏசி அடிக்கடி எம்சிபியைத் தள்ளியிருக்கிறது. அந்த வீட்டு மாமி என்னிடம் நிம்மதியாகச் சொன்னார், "தம்பி, போன வாரம் ஒரு மிஸ்திரி வந்து 16ஐ எடுத்துட்டு 32 போட்டுக் கொடுத்தான். அதுலேருந்து விழறதே இல்லை. இப்போ ஏசி சர்வீஸ் மட்டும் பண்ணிக் குடுத்தா போதும்." நான் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் கையை வைத்தேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. "மாமி, முதல்ல மெயினை அணைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயிலிருந்து வயரை இழுத்துப் பார்த்தால், மேல் உறை உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் இரவில், எல்லோரும் தூங்கும்போது, கட்டிலுக்குத் தலைமாட்டில் பிடித்திருக்கும்.

வயருக்கு ஏற்ற எம்சிபி. இந்த வரிசையை யாரும் தலைகீழாக்க விடாதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 16, நல்ல வயராக இருந்தால் 20. 25 போட வேண்டும் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்த பிறகுதான். யாராவது பெரிய எம்சிபி போட வந்தால், "வயரும் மாத்தறீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அனுப்பிவிடுங்கள்.

ஆர்சிசிபி விழுகிறது

பலர் இதையும் எம்சிபியையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். 'T' என்று எழுதிய ஒரு சோதனைப் பொத்தான் இருந்தால் அது ஆர்சிசிபி. போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் இதன் வேலை. வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். அந்தக் கசிவு உங்கள் உடம்பு வழியாகவும் போயிருக்கலாம்.

எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியைப் போடுங்கள், பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எந்த லைனில் விழுகிறது என்று தெரிந்துவிடும். நான் பார்த்தவரை குளிர்காலத்தில் கீசர் எலிமெண்ட், வெயிலில் கூலர் மோட்டார், மழையில் பால்கனி பிளக், இந்த மூன்றும்தான் அடிக்கடி மாட்டும். விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஆர்சிசிபியையே கழற்றி நேராக இணைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டிலும் அப்படிச் செய்திருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், அமுக்கியும் விழாத ஆர்சிசிபியை உடனே மாற்றுங்கள்.

கூலரைத் தொட்டால் சுருக்கென்கிறது

டெல்லியின் காய்ந்த வெயிலுக்கு இரும்புப் பெட்டிக் கூலர் போல மலிவான குளிர்ச்சி கிடையாது. ஆனால் தகரம், தண்ணீர், மோட்டார் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சின்னத் தண்ணீர் பம்பின் உறை விரிசல் விட்டால், தண்ணீர் முழுக்கக் கரண்ட். வெறுங்காலோடு பால்கனியில் நின்றபடி தண்ணீர் ஊற்றுவதுதான் இதில் ஆபத்தான நேரம்.

லேசாகச் சுருக்கென்றாலும் அன்றைக்கே கூலரை நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் பெட்டிக்குள் ஃபேஸ் நிற்கும். புது பம்பு போட்டு, மூன்று முள் பிளக்கில் எர்த் வயர் உண்மையாகவே தகரத்தில் இணைந்திருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார்த்த பிறகு ஓட்டுங்கள். வாடகை வீடுகளில் பிளக்கின் மேல் துளைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. தண்ணீர் ஊற்றும்போது எப்போதும் பிளக் கையில் இருக்கட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருகிறவர்களுக்கும், பழக்கிவையுங்கள்.

பிளக் சுடுகிறது, கருகின வாடை

பிளக்கின் முள்ளில் பழுப்புக் கறை இருந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிட்டது. பிளக்கை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி கருகும். சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஏசியை 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் வைத்துச் செருகியிருந்தால் இப்போதே பிடுங்குங்கள்.

ஃபேன் முனகுகிறது, சுற்றவில்லை

அணைத்துவிட்டு ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்று, போட்டால் மட்டும் மெதுவாக ஓடினால் கண்டென்சர், அதாவது கெபாசிட்டர், போய்விட்டது. பெரும்பாலான சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோ ஃபாரட், பழையதில் எழுதியிருக்கிற அதே எண்ணை வாங்குங்கள். கையால் தள்ளினாலே இறுகினால் பேரிங்.

ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் பணம் வீணாவதும் இதில்தான், ஏனென்றால் வருகிற ஆள் வாசலிலேயே "கேஸ் கம் ஹோ கயா" (கேஸ் குறைந்துவிட்டது) என்று சொல்லிவிடுகிறான்.

முதலில் ரிமோட். 'கூல்' குறி இருக்கிறதா? குழந்தைகள் விளையாடி 'ஃபேன்', 'டிரை' என்று மாற்றியிருப்பார்கள். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை போட்ட ஏசிகள் 24 டிகிரியை இயல்பு அளவாக வைத்து வரவேண்டும் என்று விதி. 24ல் வைத்து, ஃபேன் வேகத்தை ஏற்றுங்கள். 16ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

அடுத்து ஃபில்டர். முன் மூடியைத் தூக்கினால் வலை மாதிரி இரண்டு வரும். கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். ஒரே ஒரு ஆந்தி (புழுதிப் புயல்) அடித்தால் போதும், ராஜஸ்தான் புழுதி முழுக்க அதில் உட்கார்ந்துவிடும். மே, ஜூனில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். எனக்கு வரும் போனில் நிறையப் பேருக்கு இதோடு முடிந்துவிடுகிறது.

மூன்றாவது வெளி யூனிட். அதன் பின்பக்கத் தகடுகளில் தூசு, புறா இறகு, கூடு. டெல்லிப் புறாக்களுக்கு ஏசி ஸ்டாண்ட் என்றால் உயிர். வெளிக்காற்று பின்னால் நுழைந்து முன்னால் சூடாகப் போக வழி வேண்டும். பலர் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி, யூனிட்டை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அது தான் விட்ட சூட்டையே தானே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். கை எட்டுகிற இடத்தில் இருந்தால், மெயினை அணைத்துவிட்டு சாதாரணக் குழாய்த் தண்ணீரால் தகடுகளை மட்டும் மெதுவாகக் கழுவலாம். எட்டாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். எட்டிப் பார்த்து விழுந்தவர்கள் உண்டு. வேலைக்கு வருகிற பையனையும் பெல்ட் இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே இறங்க விடாதீர்கள். அவன் இறங்கத் தயாராகத்தான் இருப்பான், நாம்தான் தடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு அளவு எடுங்கள். பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, ஏசி மேலே இழுக்கும் காற்று எவ்வளவு, கீழே விடும் காற்று எவ்வளவு என்று சாதாரண அறை வெப்பமானியால் பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. அறைக்குள் சூடு வேறு எங்கிருந்தோ வருகிறது: மேல்மாடிக் கூரை, மேற்கு ஜன்னல், கதவிடுக்கு.

ஏசியின் டன் கணக்கு, வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. 2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. அன்றைக்கு மத்தியானம் என்னைக் கூப்பிட்ட ஒரு வீட்டில், மேல்மாடி, 1 டன் ஏசி, உள்ளே 29க்குக் கீழே இறங்கவில்லை. அளந்து பார்த்தேன், மெஷினில் ஒரு குறையும் இல்லை. மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சும் ஜன்னலுக்குக் கனத் திரையும் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் குளிர் நின்றுபோகிறது, ராத்திரி சரியாகிறது

உள்ளே காற்று வரும், குளிர் இருக்காது. அரை மணி கழித்துத் தானாகக் குளிரும், மறுபடி நிற்கும். கம்ப்ரசர் சூடேறி, அதைக் காக்கிற ஓவர்லோடு சுவிட்ச் வெட்டுகிறது. அழுக்கான வெளி யூனிட்தான் முதல் சந்தேகம். வெளி ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா என்பது இரண்டாவது. மூன்றாவது வோல்டேஜ்: எல்லோரும் ஏசி போடுகிற நேரத்தில் ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் அளவு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். அந்த எண்ணைச் சொன்னால் என் வேலை பாதி குறையும்.

கரண்ட் போய் வந்ததும் மூன்று நிமிடம் கம்ப்ரசர் பிடிக்காது. அது இயல்பு. ரிமோட்டைப் போட்டு அமுக்காதீர்கள்.

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

எந்த மாதம் என்று பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஏசி நிறையத் தண்ணீர் இறக்கும், அப்போது சொட்டினால் பெரும்பாலும் குழாய் அடைப்பு. வெளியே குழாய் முனையில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். செடிக்கு ஊற்றலாம் என்று குழாயை வாளிக்குள் விட்டிருப்பார்கள், முனை தண்ணீருக்குள் மூழ்கினால் காற்று அடைத்துக்கொண்டு உள்ளே வழியும். முனையை வாளித் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கட்டுங்கள். (அந்தத் தண்ணீர் செடிக்கு நல்லது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றாதீர்கள், அதில் தூசும் உலோகமும் கலந்திருக்கும்.)

மே மாதக் காய்ந்த காற்றில் அவ்வளவு தண்ணீர் வரக் காரணமில்லை. அப்போது சொட்டினால், மூடியைத் தூக்கி உள்ளே ஐஸ் கட்டியிருக்கிறதா பாருங்கள். கட்டியிருந்தால் சுரண்டாமல் 'ஃபேன்' மட்டும் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். உருகியதும் ஃபில்டரைக் கழுவி ஓட்டுங்கள். மறுபடி ஐஸ், காற்றைக் குளிர்விக்கும் சுருள் (காயில்) முழுக்கப் படர்ந்தால் காற்றோட்டக் குறை, உள்ளே நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு மூலையில் மட்டும் கட்டினால், அப்போதுதான் கேஸ் குறைவைச் சந்தேகிக்கலாம்.

'கேஸ் குறைந்துவிட்டது' என்கிறார்கள்

கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருளா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, எரிவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பதுதான்.

வெளி யூனிட்டுக்குப் போகும் இரண்டு செம்புக் குழாய்களைப் பாருங்கள். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருந்தால் கேஸ் இருக்கிறது. தடித்தது காய்ந்தும், மெல்லியதில் மட்டும் வெள்ளையாகப் பனியும் இருந்தால் குறைந்திருக்கிறது. வந்தவர் இதைக் காட்டட்டும். அப்புறம் ஓட்டையைக் காட்டட்டும், குழாயில் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை வைத்தால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழ் வரும். ஓட்டையை அடைத்த பிறகு வாக்குவம் பம்பால் குழாயைக் காலிசெய்து, அப்புறம்தான் நிரப்ப வேண்டும்.

எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது மெஷின் மேல் ஒட்டிய தகட்டிலேயே இருக்கும். பழையதில் ஆர்-22, பிறகு வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது ஆர்-32. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அடைக்கக் கூடாது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, அது கசிந்த அறையில் ஜன்னலைத் திறக்காமல் பற்றவைத்து ஒட்ட விடாதீர்கள். சிலிண்டரைத் தராசில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். தராசு கொண்டுவராதவரை இன்னொரு நாள் வரச் சொல்லலாம். நிரப்பிய கிராமையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி ஏசியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த ஏப்ரலில் வேறு ஒருவர் வந்து "கேஸ் கம்" என்றால், அந்தத் தாளைக் காட்டி, போன முறை எந்த இணைப்பில் ஓட்டை இருந்ததோ அங்கிருந்து தேட ஆரம்பிக்கச் சொல்லலாம்.